பாயிண்ட் நாற்பது

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதைக் கேட்கிற முகம் எனக்கு இருக்கிறதா என்று நீ நினைக்கலாம். நினைத்தால் தப்பில்லை. நீ இங்கிருந்து போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக வாயைத் திறக்காதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று பாதியிலேயே கிழித்துப் போட்டுவிடாதே. முழுக்கப் படி. அதற்குப் பிறகு கிழி.

உன் விலாசம் இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸில் உன் பழைய பதிவுத் தாளில், அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் உன் அண்ணன் வீட்டு விலாசம் இருந்தது. அதை நம்பித்தான் எழுதுகிறேன். அவர் வீடு மாறியிருந்தால் இந்தக் கடிதம் எந்தத் தெருவிலோ சுற்றிக்கொண்டிருக்கும்.

உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்? வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? முதுகுப் புண் ஆறிவிட்டதா? இப்போதும் அவரைப் புரட்டிப் போடுவதெல்லாம் நீ ஒருத்திதானா, அல்லது உன் அண்ணி ஒரு கை கொடுக்கிறாளா? பெரிய உடம்பு அவருக்கு. உன் இடுப்பைப் பார்த்துக்கொள்.

இங்கே சலவை ஆலை அப்படியேதான் இருக்கிறது. முன்பு ஐந்து ஆஸ்பத்திரிகளின் துணி வரும், இப்போது ஏழு. உன் இஸ்திரி ரோலரில் ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்து உள்ளே விடத் தெரியவில்லை. கோணலாகப் போய்ச் சுருக்கத்தோடு வெளியே வருகிறது. எதிர்ப்பக்கம் நின்று துணியை வாங்கி மடிக்கிறாளே உன் ஜோடி, அவள் நாளெல்லாம் முணுமுணுக்கிறாள். ஏழெட்டு வருஷம் உன் கைக்குப் பழகினவள் அல்லவா.

நான் டைம் ஆபீஸ் மேஜையிலேயே சாப்பிட்டு முடித்துக்கொள்கிறேன். உலர்த்தும் அறைக்குப் பக்கத்தில், அவர் விழுவதற்கு முன் நாம் சேர்ந்து சாப்பிட்ட பெஞ்சுக்குப் போவதில்லை. ஒருத்தியாக உட்கார்ந்தால் அந்த பெஞ்ச் ரொம்ப நீளம்.

சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், பார். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வேலை போனது உன்னால் இல்லை. என்னால். நான் போட்ட தப்புக் கணக்கால்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே நடந்தது புரிகிறது.

போன மார்ச்சில் வாசலில் புது மெஷின் மாட்டினார்கள். பழைய மெஷின், இடைவேளைக்கு நீ வெளியே போன நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் அட்டையில் அடிக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, எத்தனை நிமிடம் என்று பட்டியலில் எழுதுவது என் வேலை. புது மெஷின் அந்தக் கழித்தலைத் தானே செய்துவிட்டு, கடைசி எண்ணை மட்டும் ஒரு சீட்டில் அடித்துத் தந்தது. 0.25, 0.33, 0.40 என்று வரும். மாட்டிவிட்டுப் போனவர், “எல்லாம் மணிக்கணக்குல வரும்மா” என்று சொன்னார். நான் பெரிய மேதாவி போலத் தலையை ஆட்டினேன். இருபத்திரண்டு வருஷம் டைம் ஆபீஸில் குப்பை கொட்டினவளுக்கு மணிக்கணக்கை இன்னொருவர் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர். 0.40 என்றால் நாற்பது நிமிடம் என்று எடுத்துக்கொண்டேன். பட்டியலில் நாற்பது என்றே எழுதினேன்.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி. மாதத்தில் மூன்று நாள் அதைத் தாண்டினால் ஓர் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை ஆனால் கணக்கு முடிந்தது. மற்றவர்கள் வளாகத்துக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நீதான் அவர் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து தினமும் வீட்டுக்கு ஓடினாய். பாய்லர்காரர் உனக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். போகும் வழியிலேயே டப்பாவைத் திறந்து, நடந்துகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டு போவாய். பார்க்கிற எங்களுக்குத்தான் விக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை வந்த அன்று என் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணினாய். “போக ஏழு, வர ஏழு. அவரைப் புரட்டிப் படுக்க வெச்சு, வாயில நாலு கரண்டி ஊட்ட பத்து. இருபத்தி நாலுதானேக்கா ஆகுது? எப்படி நாப்பது வரும்? உங்க மெஷின் ஓடுதா, பறக்குதா?” என்று கேட்டாய். மெஷினுக்கு உன் மேல் என்ன விரோதம், அது எதற்குப் பொய் சொல்லப் போகிறது என்று நான் பதில் சொன்னேன். உள்ளே சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்ததாகச் சொன்னாய். ஆவி படிந்து அது எப்போதும் பின்தங்கித்தான் ஓடும் என்று சொன்னேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

போன வியாழக்கிழமை பாய்லர்காரர் சாப்பிடப் போனவர் திரும்பவில்லை. ஆவி இறங்கி, ரோலர் நின்று, ஆளுக்கு ஒரு பக்கம் தேடினார்கள். சலவைச் சோடா மூட்டைகளுக்குப் பின்னால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குப் போனவர் பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு வந்து அட்டையைப் போட்டார். மேனேஜர் கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்று, “அம்பத்தோரு நிமிஷம்!” என்று ஆலை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். சீட்டு என்னிடம் வந்தது. அதில் 0.85 என்று இருந்தது.

எண்பத்தைந்து நிமிடம் என்றால் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அப்படியானால் 1.25 என்றல்லவா அடித்திருக்க வேண்டும்? முன்னால் எதற்குச் சைபர்? மனிதர் வெளியில் இருந்தது ஐம்பத்தொன்று என்பதற்கு ஆலையே சாட்சி. பென்சிலை எடுத்தேன். எண்பத்தைந்தை அறுபதால் பெருக்கினால் ஐயாயிரத்து நூறு. நூறால் வகுத்தால் ஐம்பத்தொன்று.

அவ்வளவுதான், தங்கை. அந்த மெஷின் ஒரு மணி நேரத்தை நூறு துண்டாக வெட்டுகிறது. நான் அறுபது துண்டு என்று நினைத்துக்கொண்டு படித்தேன்.

அலமாரியைத் திறந்து உன் சீட்டுகளை எடுத்தேன். முதலில் எடுத்தது 0.40. நாற்பதை அறுபதால் பெருக்கி நூறால் வகுத்தேன். இருபத்து நான்கு. நீ விரல் விட்டு எண்ணிய அதே இருபத்து நான்கு. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மற்றவற்றையும் போட்டுப் பார்த்தேன். இருப்பதிலேயே பெரியது 0.48. அவர் படுக்கை நனைந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வந்தேன் என்றாயே, அந்த நாள். அதுவே இருபத்தெட்டு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடிதான். அரை மணியை நீ ஒரு நாள்கூடத் தாண்டவில்லை. ஏப்ரலில் 0.37 ஆகிறது, இருபத்திரண்டு நிமிடம் பன்னிரண்டு வினாடி. மே கடைசியில் 0.35, இருபத்தொன்று. நான் எச்சரிக்கை எழுத எழுத நீ ஓடி ஓடிக் குறைத்திருக்கிறாய். வழிக்குப் பதினான்கு போனால் கடைசி வாரத்தில் அவருக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். இன்னும் குறைத்து 0.30 கொண்டுவந்திருந்தால் நான் உன்னை விட்டிருப்பேன். அதற்கு நீ பதினெட்டு நிமிடத்தில் திரும்பியிருக்க வேண்டும். அவருக்கு நான்கு.

நாளைக்கு மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்தது என்று மட்டும் எப்படியாவது தெரிந்தால் போதும்.

அவருக்கு என் வணக்கத்தைச் சொல். சொல்ல மனமிருந்தால்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தபால்காரர் கீழே இருக்கிற சைக்கிள் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் என் மாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கடைக்காரருக்கு மட்டும் இரண்டு கடிதம் வந்தது.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். நீ வேலையை விட்டுப் போன அன்று கடைசியாக ஜன்னலுக்கு வந்தாய். “மெஷின விடுங்கக்கா. நீங்க சொல்லுங்க, நான் பொய் சொல்றேனா?” என்று கேட்டாய். நான் பட்டியலைத் தேடுவது போல் குனிந்து, ஜன்னல் கதவைச் சாத்தினேன். கணக்குத் தெரியாமல் தப்பு செய்தேன் என்பதை யாரும் மன்னிக்கலாம். கதவைச் சாத்தினதற்குக் கணக்கு காரணம் இல்லை. உன் ஜோடி இதை நேருக்கு நேர் என்னிடம் சொல்லிக் காட்டிய பிறகுதான் எழுத வருகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் காலையிலேயே மேனேஜரிடம் போனேன். சீட்டுகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றையும் அறுபதால் பெருக்கிக் காட்டினேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் எழுந்து போய் அறைக் கதவை மூடினார். “அவங்க போய் எட்டு மாசம் ஆச்சும்மா. இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? இனிமே சரியா எழுதுங்க, போதும்” என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அவர் பேசியது எனக்கு நல்லது சொல்வது போலவே இருந்தது. சரி என்று வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, அந்த இரண்டு நாளும் நிம்மதியாகவே இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று.

மூன்றாம் நாள் மதியம், துணி பிரிக்கிற இடத்திலிருந்து ஒருத்தி கையில் பாதி சாப்பிட்ட டப்பாவோடு வாசலுக்கு ஓடி வந்து அட்டையைப் போட்டாள். சீட்டு 0.28 என்று வந்தது. “அப்பாடா” என்று நெஞ்சில் கை வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் வேலை போனதோடு இது முடியவில்லை. உனக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்து, முப்பதுக்குள் வர வேண்டும் என்று ஆலை முழுவதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்துகொண்டிருக்கிறது. நான் முப்பது என்று படித்தது பதினெட்டு நிமிடம். இவர்களுக்குச் சேர வேண்டிய அரை மணியில் பதினொரு மாதமாகப் பன்னிரண்டு நிமிடத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்குப் பன்னிரண்டு. மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டு. பதினொரு மாதத்துக்கு மூவாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு நிமிடம். கால்குலேட்டரில் அறுபதால் வகுத்தேன். 57.2 என்று காட்டியது. ஐம்பத்தேழு மணி இருபது நிமிடம் என்று எழுதப் போய், பென்சில் அப்படியே நின்றது. இத்தனைக்குப் பிறகும் கை அதே தப்பைச் செய்யப் பார்க்கிறது! பாயிண்ட் இரண்டு என்றால் பன்னிரண்டு நிமிடம். ஐம்பத்தேழு மணி பன்னிரண்டு நிமிடம். நாளாக மாற்றினால் இரண்டு நாள், ஒன்பது மணி, பன்னிரண்டு நிமிடம். ஆளுக்கு அவ்வளவு. கிட்டத்தட்ட அறுபது பேர்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 0.10 என்றால் ஆறு நிமிடம், 0.20 என்றால் பன்னிரண்டு, 0.30 என்றால் பதினெட்டு என்று 0.50 வரைக்கும் எழுதினேன். கீழே, “இதுவரை நான் தப்பாகப் படித்தேன். அரை மணி என்பது 0.50. ரோலரில் வேலை பார்த்தவரை நிறுத்தியதும் இந்தத் தப்பால்தான்” என்று எழுதி, டைம் ஆபீஸ் என்று கையெழுத்தும் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்துத்தான் ஒட்டினேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதே.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பாய்லர்காரர்தான் தன் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வந்தார். அப்புறம் நாலு பேர், பத்துப் பேர். உன் ஜோடி ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தாள். படித்து முடித்து நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “அன்னைக்கு அவ கேட்டா. நீங்க கதவச் சாத்தினீங்க. நான் பாத்துட்டு நின்னேன்” என்றாள். அதோடு போய்விட்டாள். அவள் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் எல்லோருமாக மேனேஜரிடம் போனார்கள். நான் போகவில்லை, அவர்கள் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் பழைய எச்சரிக்கைகளை எல்லாம் ரத்து செய்தார்கள். மெஷின் இனிமேல் நிமிடமாகவே அடிக்கும்படி மாற்றிவிட்டார்கள். உன்னை நிறுத்தியது தவறு, விருப்பமிருந்தால் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள். அது இதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். நீ திரும்பி வந்துவிட்டால் நல்லது என்று நான் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

என்னை டைம் ஆபீஸிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். அவர்கள் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு மூட்டையை அவிழ்த்து, ரத்தக் கறை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று போட வேண்டும். ஊசி, கத்தரி ஏதாவது மறந்து கிடந்தால் குத்திவிடும், நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வாசனை தாங்கவில்லை. இப்போது மூக்கு மரத்துவிட்டது.

யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள். ஆனால் நான் போய் உட்கார்ந்தால் சாப்பிட்டு முடித்தவர்கள் போல எழுந்துவிடுகிறார்கள். டப்பாவில் பாதி அப்படியே இருக்கும். அரை மணி முழுசாகக் கிடைத்த பிறகு அதையும் நானே கெடுப்பானேன் என்று இப்போது மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முன்னெல்லாம் சனிக்கிழமை வேலை விட்டால் வாரம் முழுக்கப் பேசினதே போதும் என்று அறைக்கு வருவேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் அரிசி கேட்கும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போல இருக்கிறது.

இதையெல்லாம் நீ இரக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. எழுத வேறு ஆள் இல்லை.

அவரையும் உன்னையும் கடவுள் நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒரு பக்கம்கூட நிறையவில்லை. அதைப் படிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. முதல் இரண்டு வரியிலேயே நின்றுவிடுகிறேன், மறுபடி தொடங்குகிறேன்.

அவர் அக்டோபரிலேயே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று கேட்க வாய் வருகிறது. யார் சொல்லுவார்கள்? யாரிடம் சொல்லுவார்கள்? நாங்கள்தான் உன்னை அனுப்பிவைத்தவர்கள் ஆயிற்றே. பிப்ரவரியில் உட்கார்ந்துகொண்டு, வலது கை அசைகிறதா, முதுகுப் புண் ஆறிவிட்டதா என்று நான் கேட்டு எழுதியதை நீ எந்த நிலையில் படித்தாயோ. அவருக்கு வணக்கம் சொல் என்று வேறு முடித்திருந்தேன். தங்கை, எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

உன் ஜோடியிடம் மட்டும் சொன்னேன். ரோலரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, துணி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளில் அன்றுதான் அவள் எழுந்து போகவில்லை. பாய்லர்காரருக்கு அவள் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவர் என்னிடம் வந்து உன் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

உன் கடிதத்தில் ஓர் இடத்தை மனப்பாடமாகவே சொல்வேன். “வேலை போனதால கடைசி நாலு மாசம் முழு நாளும் அவர் பக்கத்துலயே இருந்தேன். ஏழு நிமிஷம், பத்து நிமிஷம்னு ஓடல. அவருக்குப் பேச்சு வராட்டியும் நான் பேசினா கேட்டார். இதை நீங்க குடுத்ததுன்னு எடுத்துக்கறதா, நீங்க பிடுங்கினதுன்னு எடுத்துக்கறதா, எனக்கே தெரியலக்கா. இதுக்கு நீங்க உக்காந்து கணக்குப் போடாதீங்க.”

போடவில்லை. நான் கொடுத்தது என்று நீ ஒரு நாளும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாலு மாதம் நீயும் அவரும் உங்களுக்குள் வைத்துக்கொண்டது. அதில் எனக்குப் பங்கு இல்லை. பிடுங்கினது மட்டும் என்னுடையது. அதை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

ஆபீஸ் கடிதம் கிடைத்தது, ஆனால் வரப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அங்கே வந்தால் மதியம் ஆனதும் கால் தானாக வீட்டுப் பக்கம் ஓடும், போய்ப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு மேல் உன்னை வா என்று கூப்பிட யாருக்கும் வாய் வராது. மேனேஜரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் உன் பதிவுத் தாளில் இருந்த “ஒழுங்கு மீறியதால் நிறுத்தப்பட்டார்” என்ற வரியை என் கண் முன்னாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நீ வேறு எங்காவது வேலைக்குப் போனால் நல்லபடியாக எழுதித் தருவதாகவும் சொன்னார். அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அண்ணன் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு குறையும் இல்லை என்று நாமெல்லாம் எப்போது எழுதுவோம் என்று எனக்குத் தெரியாதா? பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், வீட்டில் நீ மட்டும் என்கிறாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவரைப் புரட்டிப் போடுகிற வேளைக்கு, எழுந்து நின்றுவிடுகிறாய், எதற்கு எழுந்தோம் என்று பிறகுதான் நினைவு வருகிறது என்று ஒரு வரி எழுதி, அதை அடித்திருக்கிறாய். அடித்தது சரியாக அடிபடவில்லை, தங்கை. படித்துவிட்டேன்.

எனக்கு நாலு நாள் லீவு பாக்கி இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் லீவு கேட்டு நான் போய் நின்றதே இல்லை என்று மேனேஜர் சிரித்தார், கொடுத்துவிட்டார். உங்கள் ஊருக்குப் பதினொரு மணி நேரப் பயணமாம். இங்கே இரவு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் காலை ஏழு மணிக்கு அங்கே இறக்கிவிடுவார்களாம். இந்த மாதம் இருபதாம் தேதிக்குச் சீட்டுக் கேட்டிருக்கிறேன். இருபத்தொன்றாம் தேதி காலை வந்து சேருவேன்.

நான் உன்னிடம் எதையும் கேட்டு வரவில்லை. நீ எதையும் சொல்லவும் வேண்டாம். வீட்டில் கேட்டால் கூட வேலை பார்த்தவள் என்று சொல், அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பகலில் எல்லோரும் போன பிறகு, நீ எழுந்து நிற்கும்போது அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தால் பரவாயில்லையா என்று பார்க்கத்தான் வருகிறேன். திட்ட வேண்டும் என்று இருந்தால் திட்டு. பேசவே பிடிக்கவில்லை என்றால் பாத்திரம் கழுவிக்கொண்டு இருக்கிறேன். நாலாம் நாள் கிளம்பிவிடுவேன்.

வரக் கூடாது என்றால் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. கட்டாயம் வரமாட்டேன், அதற்காக வருத்தப்படவும் மாட்டேன். எதுவுமே எழுதாமல் இருந்தாய் என்றால், வரலாம் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தாயே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா